பத்திரத்தில் இருப்பதும் இல்லாததும்: ஆங்கில இலக்கிய மாணவி ஒருவரின் திறன் கணக்கெடுப்பு

இந்த நிகழ்வு ஆய்வை எழுத அந்த மாணவியும் அவருடைய தாயாரும் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். ஊர், கல்லூரி, நிறுவனம் எதன் பெயரும் இதில் இல்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

தென் மாவட்டம் ஒன்றில் உள்ள கலைக் கல்லூரியில் ஆங்கிலத் துறையில் பாடம் நடத்துகிறேன். இறுதியாண்டு மாணவர்களுக்கு வேலைவாய்ப்பு வழிகாட்டும் பொறுப்பும் சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. எங்களிடம் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள். வீட்டில் முதல் பட்டதாரிகள்.

இந்த மாணவி 2021இல் சேர்ந்தார். கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தான ஆண்டு அது. பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையும் பள்ளியின் அகமதிப்பீட்டையும் சேர்த்துக் கணக்கிட்டு அந்த ஆண்டு மதிப்பெண் கொடுத்தார்கள். அவர் விரும்பியது பி.காம். அதில் இடம் கிடைக்கவில்லை, ஆங்கிலத்தில் கிடைத்தது. தாயார் அப்போது பீடி சுற்றிக்கொண்டிருந்தார். தந்தை சுமை தூக்கும் வேலை. அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவருக்கு வந்துகொண்டிருந்தது. பஸ் செலவு போக மீதி வீட்டுக்குப் போனது.

மதிப்பெண்ணில் அவர் நடுத்தரம். பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25 என்ற எங்கள் முறையில் எல்லாத் தாள்களிலும் தேறியிருந்தார். வகுப்பில் தானாக எழுந்து பேசியதில்லை. ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் புரிந்துகொள்வார். பதிலைத் தமிழில் சொல்வார்.

பாடத்திட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு தாளுக்கும் கற்றல் விளைவுகள் அச்சாகியிருக்கின்றன. நினைவுகூர்தல் கே1, புரிந்துகொள்ளுதல் கே2 என்று தொடங்கிப் படைத்தல் வரை கே6 என்று குறியீடும் உண்டு. ஆசிரியர்களாகிய நாங்கள் அவற்றை அட்டவணையில் நிரப்புகிறோம், தரமதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டுகிறோம். ஆனால் மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூட ஒரு மாணவியை உட்காரவைத்து, "இந்தத் தாளைப் படித்ததால் முன்பு முடியாத எது இப்போது உன்னால் முடிகிறது?" என்று நாங்கள் கேட்டதில்லை. இந்த நிகழ்வின் வேர் அங்கேதான் இருக்கிறது.

டிசம்பர் 2023: முதல் வரைவு

ஐந்தாம் பருவத் தேர்வு முடிந்திருந்த நேரத்தில், ஆய்விதழ்களுக்கும் கல்விப் புத்தகங்களுக்கும் பிரதி திருத்திக் கொடுக்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து ஆள்தேர்வு அறிவிப்பு வந்தது. சென்னையிலும் புதுச்சேரியிலும் இந்தத் தொழில் பெரிதாக நடக்கிறது. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆங்கிலப் பிரதிகள் இங்கே திருத்தப்பட்டு, மெய்ப்புப் பார்க்கப்பட்டு, பக்கம் கட்டப்பட்டுத் திரும்பிப் போகின்றன. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ஆசிரியர் வேலைக்கு வெளியே இருக்கும் வழிகளில் இது முக்கியமான ஒன்று. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. பட்டப்படிப்பின்போது நீங்கள் பெற்ற திறன்களைப் பற்றி முந்நூறு சொற்களுக்குள் எழுதுக.

41 பேர் கொண்ட வகுப்பில் 17 பேர் விண்ணப்பிக்க விரும்பினார்கள். பதினேழு வரைவுகளையும் வாங்கிப் படித்தேன். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து பணியாற்றுபவர், சிறந்த தகவல்தொடர்புத் திறன் உடையவர், சரளமாக ஆங்கிலம் பேசுபவர். எல்லாம் ஏதோ ஒரு மாதிரி விண்ணப்பத்திலிருந்து எடுத்தவை. இந்த மாணவியின் வரைவில் தன்னைப் பற்றிய அடைமொழிகள் ஒன்பது இருந்தன. அவர் செய்த ஒரு காரியம்கூட இல்லை.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சொன்னதை அன்றே குறித்துவைத்தேன். "மேடம், மூன்று வருடமும் கைடு வாங்கித்தான் படித்தேன். தேர்வு முடிந்ததும் எல்லாம் மறந்துபோகிறது. எனக்கு என்ன திறன் வந்திருக்கிறது என்று எழுதுவது? மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதினேன்."

அது பணிவுக்காகச் சொன்ன பேச்சு அல்ல. அவர் அப்படியே நம்பினார். வீட்டிலும் அதையே கேட்டிருக்கிறார். "இங்கிலீஷ் படித்தால் டீச்சர் வேலைதானே, பி.எட். முடிக்காமல் என்ன பயன்?" என்று பெரியப்பா கேட்பாராம். அதற்கு அவரிடம் பதில் இருந்ததில்லை.

ஜனவரி 2024, முதல் வாரம்: படிவம் பயன்படவில்லை

முதலில் நான் எடுத்த முடிவு தவறானது. ஆசிரியர் பயிற்சியில் கிப்ஸ் என்பவர் 1988இல் வகுத்த சிந்திப்புச் சுழற்சி எனக்கு அறிமுகமாகியிருந்தது. நடந்தது என்ன, எப்படி உணர்ந்தாய், எது நன்றாகப் போனது, ஏன், வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வாய் என்று ஆறு படிகள். தாதியர் கல்வியிலும் ஆசிரியர் கல்வியிலும் நிறையப் பயன்படுவது. அதை ஆறு கட்டங்களாக அச்சடித்துப் பதினேழு பேருக்கும் கொடுத்தேன்.

ஒரே நாளில் எல்லோரும் நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்த மாணவியின் தாளில் "எப்படி உணர்ந்தாய்" என்ற கட்டத்தில் "மிகவும் மகிழ்ச்சியாக உணர்ந்தேன்" என்று இருந்தது. "எது நன்றாகப் போனது" என்ற இடத்தில் "நிறையக் கற்றுக்கொண்டேன்". மற்றவர்களுடையதும் ஏறக்குறைய அப்படியே.

அந்தச் சுழற்சியில் குறை இல்லை. தேர்வுத்தாள் எழுதிப் பழகிய பிள்ளைகளிடம் கட்டம் போட்ட தாளைக் கொடுத்தால், ஆசிரியர் எதிர்பார்ப்பது எது என்று யோசித்து அதை எழுதுவார்கள். மூன்று ஆண்டுகள் நாங்கள் பழக்கியதும் அதைத்தான். கையில் ஒரு பொருள் இல்லாமல், நினைவை மட்டும் வைத்து யோசிக்கச் சொன்னது என் பிழை.

பொங்கலுக்குப் பிறகு: பழைய நோட்டுகள்

பொங்கல் விடுமுறை முடிந்து வரும்போது மூன்று ஆண்டு நோட்டுகள், திருப்பிக் கொடுத்த அகமதிப்பீட்டு விடைத்தாள்கள், கோடு போட்ட பாடப்புத்தகங்கள், எது மிஞ்சியிருந்தாலும் கொண்டுவரச் சொன்னேன். ஆறு பேர் ஏதோ கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் பழைய பேப்பர் கடைக்குப் போட்டிருந்தார்கள். அதிகமாகக் கொண்டுவந்தவர் இந்த மாணவி. ஒரு கட்டைப்பை நிறைய. அதனால்தான் அவருடைய நிகழ்வை எழுத முடிகிறது.

நான்கு சனிக்கிழமை மதியங்கள் துறை அறையில் உட்கார்ந்தோம். திறன் என்ற சொல்லையே பயன்படுத்துவதில்லை என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். ஒவ்வொரு நோட்டையும் திறந்து மூன்றே கேள்விகள் கேட்டேன். இந்தப் பக்கத்தில் நீயாகச் செய்தது எது? அதில் எங்கே சிக்கினாய்? இதே வேலையை வேறு எங்காவது செய்திருக்கிறாயா?

முதல் சனிக்கிழமை பெரும்பாலும் ஏமாற்றம். பல நோட்டுகளில் இருந்தவை நாங்கள் வகுப்பில் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்புகள். இங்கிலாந்தின் சமூக வரலாறு தாளில் அவருடைய சொந்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அமெரிக்க இலக்கியத்தில் கைடில் இருந்தது அப்படியே இருந்தது. நான் சமாதானம் சொல்லவில்லை. "நானாகச் செய்தது எதுவும் இல்லை" என்று அவர் சொன்ன தாள்களை ஒரு பக்கமாக அடுக்கினோம். முடிவில் அந்த அடுக்கில் பதினொரு தாள்கள் இருந்தன. ஒரு துறையாக நாங்கள் பார்க்க வேண்டிய அடுக்கு அது.

இரண்டாவது சனிக்கிழமை ஷேக்ஸ்பியர் தாளுக்கு வந்தோம். வெனிஸ் வணிகன் நாடகத்தின் நீதிமன்றக் காட்சி. கடனைத் தவணையில் திருப்பாவிட்டால் வணிகன் அன்டோனியோவின் உடலிலிருந்து ஒரு பவுண்டு சதையை வெட்டிக்கொள்ளலாம் என்று வட்டிக்காரன் ஷைலாக் பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறான். போர்ஷியா என்ற பெண் ஆண் வேடத்தில் சட்ட அறிஞராக வந்து அந்த வழக்கை விசாரிக்கிறாள். பாடப்புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலில் சின்னச் சின்னக் குறிகள். அது எப்படி வந்தது என்று கேட்டேன்.

நான்காம் பருவத்தில் அவருக்கு அந்தக் காட்சி கருத்தரங்கத் தலைப்பாக வந்திருக்கிறது. போர்ஷியா புத்திசாலித்தனமாக வாதாடி அன்டோனியோவைக் காப்பாற்றுகிறாள் என்று கைடில் ஒரே வரி. அதைச் சொன்னபோது நான், "எந்த வரியில்?" என்று கேட்டிருக்கிறேன். எனக்கு அது நினைவில் இல்லை. அவர் வீட்டுக்குப் போய் அகராதியை வைத்துக்கொண்டு மூலத்தை வரிவரியாகப் படித்திருக்கிறார், மூன்று இரவுகள்.

அவர் கண்டது இது. போர்ஷியா முதலில் பத்திரத்தை வாங்கிப் பார்க்கிறாள். தவணை தவறிவிட்டது, ஷைலாக்குக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்கிறாள். பிறகு, அன்டோனியோ இரத்தம் கொட்டிச் சாகாமல் இருக்க மருத்துவர் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறாயா என்று கேட்கிறாள். அது பத்திரத்தில் இல்லை என்கிறான் ஷைலாக். சற்று நேரத்தில் அதே விதி அவன் மேலேயே திரும்புகிறது. பத்திரத்தில் சதை என்று இருக்கிறது, இரத்தம் என்ற சொல் இல்லை. மாணவி இரண்டு இடங்களிலும் ஒரே குறியைப் போட்டு, இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்து, பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தார்: "அவன் சொன்ன வார்த்தையையே அவள் எடுக்கிறாள்."

அந்த வரி எந்தக் கைடிலும் கிடையாது.

இதே வேலையை வேறு எங்காவது செய்தாயா என்று கேட்டேன். இல்லை என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அன்றே ஒலியியல் நோட்டையும் பார்த்தோம். ஆங்கிலத்தின் 44 ஒலிகளையும் அட்டவணையாகப் படித்துத் தேறியவர்தான். ஆனால் அவர் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். தமிழில் "ப" என்ற ஒரே எழுத்து ஆங்கிலத்தின் p, b என்ற இரண்டு ஒலிகளுக்கும் நிற்பதால், "பின்" என்று எழுதிக்கொண்டு ஆங்கிலச் சொல்லைப் படிக்கும் பிள்ளை ஊசியையும் (pin) குப்பைத் தொட்டியையும் (bin) ஒரே மாதிரி உச்சரிக்கிறது. அவர் அந்தப் பிள்ளைகளைத் தொண்டையில் கை வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். b ஒலியில் உதடு பிரியும்போதே அதிர்வு தெரியும். p ஒலியில் சற்றுத் தாமதித்துத் தெரியும். "அது சும்மா விளையாட்டுக்குச் செய்தது மேடம்" என்றார். ஒரு பாடத்தைத் தனக்குள் வாங்கி, முன்னால் இருக்கும் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுப்பதை விளையாட்டு என்று அவர் நினைத்திருந்தார்.

மூன்றாவது வாரம்: வருங்கால வைப்புநிதிக் கடிதம்

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவர் வகுப்புக்கு வரவில்லை. சனிக்கிழமை காரணம் கேட்டபோது, அம்மாவோடு பி.எஃப். அலுவலகத்துக்குப் போனதாகச் சொன்னார். பேச்சு அங்கிருந்து நீண்டது.

தாயார் இருபது ஆண்டுகளுக்கு மேல் பீடி நிறுவனத்தின் பாஸ்புக் வைத்துப் பீடி சுற்றியவர். இடுப்பு வலியால் நிறுத்திவிட்டுப் பி.எஃப். பணத்துக்கு விண்ணப்பித்திருந்தார். பிரவுசிங் சென்டரில் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பெயரில் பிரச்சினை என்று சொல்லி ஆதாரில் ஏதோ திருத்தி மறுபடி போட்டார்கள். அதுவும் நிராகரிக்கப்பட்டது. யாரையாவது பிடித்தால்தான் பணம் வரும் என்று தெருவில் சொன்னார்கள். சிலர் தொகையும் சொன்னார்கள்.

இரண்டாவது முறை வந்த ஆங்கிலக் குறிப்பை மாணவி வாங்கிப் படித்திருக்கிறார். ஒன்றரை வரிதான். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்தவில்லை என்பது பொருள். நடுவில் இருந்த "and" (மற்றும்) என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்ததை இரண்டு முறையும் யாரும் கவனிக்கவில்லை. பெயர் என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லோரும் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். பாஸ்புக்கில் இருந்த பிறந்த தேதி, வேலைக்குச் சேர்ந்தபோது யாரோ உத்தேசமாகப் போட்டது. பெயரிலும் பழைய முதலெழுத்து, தகப்பனாருடையது. ஆதாரில் கணவருடையது.

இரண்டையும் ஒன்றாகத் திருத்த, உறுப்பினரும் நிறுவனமும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவம் தேவை என்று அவரே தேடித் தெரிந்துகொண்டார். அதை நிரப்பி, எந்தச் சான்று எதற்கு என்று எண் போட்டு, ஆங்கிலத்தில் ஒரு பக்க முகப்புக் கடிதம் எழுதினார். கடிதத்தின் நகல் பையிலேயே இருந்தது. எடுத்துக் காட்டினார்.

நான்கு பத்திகள். முதல் பத்தியில் எண்களும் தேதிகளும். இரண்டாவதில் நிராகரிப்புக் குறிப்பில் இருந்த சொற்கள் மேற்கோளாக. மூன்றாவதில் ஒவ்வொன்றுக்கும் பதில். நான்காவதில் என்ன வேண்டும் என்ற கோரிக்கை. புலம்பல் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. இலக்கணப் பிழை இரண்டு இருந்தன. நான் மூன்று ஆண்டுகளில் அவரிடம் வாங்கிய எந்த விடைத்தாளைவிடவும் நல்ல ஆங்கிலம்.

நான் பேசாமல் ஷேக்ஸ்பியர் புத்தகத்தைத் திறந்து, பென்சில் கோடு போட்ட பக்கத்தைக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இரண்டும் ஒன்றுதான் மேடம்" என்றார். எழுதியிருக்கிறது எது, எழுதாமல் நாமாகச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார்த்ததுதான் இரண்டிலும் நடந்தது என்று அவரே சொன்னார். நான் சொல்லியிருந்தால் என்னை மதித்துத் தலையாட்டியிருப்பார், அவ்வளவுதான்.

இந்தப் படிப்பால்தான் அவருக்கு அது வந்தது என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். பீடிக் கட்டை எண்ணி வாங்குகிறவர்களிடம் கணக்கு விடாத வீட்டில் வளர்ந்தவர். கவனம் அவருக்கு முன்பே இருந்திருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் வந்த ஓர் அலுவலகக் குறிப்பைக் கண்டு பயந்து ஒதுங்காமல், சொல் சொல்லாக நின்று படிக்கும் துணிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, அந்த மூன்று இரவுகளைத்தான் அவர் சொன்னார்.

பிப்ரவரி 2024: எதை எழுதுவது, எதை விடுவது

நான்காவது சனிக்கிழமை எழுத உட்கார்ந்தோம். இரண்டு இடங்களில் கருத்து வேறுபட்டது.

முதலாவது பி.எஃப். கடிதம். இருப்பதிலேயே வலுவான சான்று அதுதான், விரிவாக எழுத வேண்டும் என்றேன். அவர் மறுத்தார். அம்மாவின் பணக் கணக்கு முன்பின் தெரியாதவர்களுக்கு எதற்கு என்று கேட்டார். அவர் சொன்னதுதான் சரி. நான் சான்றை மட்டும் பார்த்தேன். அது ஒரு வீட்டின் தவிப்பு என்பதை மறந்திருந்தேன். "குடும்பத்தில் ஒருவருக்கு வந்த அலுவலகக் கடிதம்" என்று பொதுவாக எழுதுவதாக முடிவானது. பணம் வந்து சேர்ந்த பிறகு, இந்த ஆய்வில் முழுவதும் சொல்லலாம் என்று தாயும் மகளும் அனுமதி கொடுத்தார்கள்.

இரண்டாவது, "சரளமாக ஆங்கிலம் பேசுவேன்" என்ற வரி. அதை எடுத்துவிடச் சொன்னேன். எல்லோரும் எழுதுகிறார்கள், நான் மட்டும் எழுதாவிட்டால் முதலிலேயே ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்தார். பயம் நியாயமானது. இருந்தாலும் நேர்காணலில் முதல் நிமிடத்திலேயே பொய்யாகிவிடும் வரி, உண்மையான மற்ற வரிகளையும் சேர்த்துச் சாய்த்துவிடும் என்று நினைத்தேன். அரை மணி நேரம் பேசினோம். கடைசியில் அந்த இடத்தில், பேச்சில் தனக்குத் தயக்கம் உண்டு என்பதையும் அதற்காக என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதையும் எழுதினார். எழுதியதற்காகவே அன்று முதல் தினமும் இருபது நிமிடம் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.

அவர் ஆங்கிலத்தில் எழுதியதில் ஒரு பகுதியின் தமிழ் வடிவம் இது:

"நான்காம் பருவத்தில் ஒரு நாடகக் காட்சியைக் கருத்தரங்கத்துக்காகப் படித்தேன். சுருக்கத்தை நம்பாமல் மூலத்தில் ஒவ்வொரு கூற்றும் எந்தச் சொல்லின்மேல் நிற்கிறது என்று குறித்தேன். பிறகு குடும்பத்தில் ஒருவருக்கு வந்த அலுவலகக் கடிதத்தை அதே முறையில் படித்து, மற்றவர்கள் கவனிக்காத ஒரு நிபந்தனையைக் கண்டுபிடித்துப் பதில் எழுதினேன். நான் மெதுவாகப் படிப்பேன். ஆங்கிலத்தில் பேசும்போது இன்னும் தயங்குகிறேன். கணினியில் தட்டச்சு செய்யத் தெரியும், வேகம் போதாது."

மொத்தம் 240 சொற்கள். அடைமொழி ஒன்றுகூட இல்லை.

மார்ச் முதல் ஆகஸ்ட் 2024 வரை: நடந்தவை

முதல் நிறுவனத்தின் எழுத்துத் தேர்வில் ஒரு பக்கக் கட்டுரையைத் திருத்தச் சொன்னார்கள். இலக்கணப் பிழைகள், அமெரிக்க, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் கலந்து கிடந்தவை ஆகியவற்றைப் பெரும்பாலும் சரிசெய்துவிட்டார். கட்டுரையில் ஒரு வாக்கியம் அட்டவணையைக் காட்டி ஓர் எண்ணைச் சொன்னது. அட்டவணையில் வேறு எண் இருந்தது. அவர் எதையும் மாற்றாமல், எது சரி என்று கட்டுரையை எழுதியவரிடம் கேட்க வேண்டும் என ஓரத்தில் எழுதினார். பிரதி திருத்துகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான்: கருத்தில் கை வைக்காதே, கேள். அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

எழுத்துத் தேர்வில் தேறினார். நேர்காணலில் தேறவில்லை. மூன்று பேர் எதிரில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் கேட்டபோது, இரண்டாவது கேள்விக்கே வாய் கட்டிவிட்டது என்றார். திரும்பி வந்தபோது அழவில்லை. "எழுதியது உண்மைதான் மேடம், பேச்சுதான் வரவில்லை" என்றார். என் திட்டத்தில் இருந்த ஓட்டை அங்கே தெரிந்தது. நான்கு வாரங்கள் எழுத்தைத் திருத்தினேன். எழுதியதை வாயால் சொல்ல ஒரு நாளும் பழக்கவில்லை.

ஏப்ரலில் இறுதிப் பருவத் தேர்வு. மே, ஜூன் மாதங்களில் வாரம் இரண்டு முறை தொலைபேசியில் ஆங்கிலத்தில் மட்டும் பேசினோம். புதிதாக எதுவும் பேசவில்லை. அந்த 240 சொற்களில் உள்ளதையே, ஒவ்வொரு முறையும் நான் வேறு வேறு விதமாகக் கேட்டேன். தான் செய்த காரியத்தைச் சொல்லும்போது சொற்கள் தடுமாறினாலும் பேச்சு நிற்கவில்லை. பொதுவான கேள்வி வந்தால் நின்றுபோகும். அந்த வேறுபாட்டைக் கவனித்த பிறகு, எந்தக் கேள்வியையும் தன் நோட்டுக்கும் கடிதத்துக்கும் கொண்டுவந்து பதில் சொல்லப் பழகினார்.

ஜூலையில் சென்னையில் இதே தொழிலில் இருக்கும் வேறொரு நிறுவனத்தின் தேர்வு. இந்த முறை பயிற்சிப் பிரதி திருத்துநராக எடுத்துக்கொண்டார்கள். "மெதுவாகப் படிப்பேன் என்று எழுதியிருக்கிறாயே, ஏன்?" என்பதுதான் நேர்காணலில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட கேள்வியாம். அவர் பென்சில் கோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் எளிதாக முடியவில்லை. தந்தை சென்னை வேண்டாம் என்றார்; பி.எட். பேச்சு மறுபடி எழுந்தது. தாயார்தான் தாம்பரம் பக்கத்தில் இருக்கும் தன் தங்கையிடம் பேசி, அங்கே தங்க ஏற்பாடு செய்தார். ஆகஸ்டில் வேலையில் சேர்ந்தார். தாயாரின் பி.எஃப். பணம் அதற்கு முன்பே, ஜூனில் வங்கிக் கணக்குக்கு வந்திருந்தது. யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.

நோட்டுகள் கொண்டுவந்த மற்ற ஐந்து பேரில் இருவருக்கு இதே முறையில் ஓரளவு பலன் கிடைத்தது. ஒருவர் மொழிபெயர்ப்புப் பக்கம் போயிருக்கிறார். மற்றவர் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, பி.எட். படிக்க விண்ணப்பித்திருக்கிறார். மீதி மூவர் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறார்கள். அந்தத் தேர்வுக்கு இந்தக் கணக்கெடுப்பு நேரடியாக உதவவில்லை. உதவியதாகச் சொல்வது பொய்யாகிவிடும்.

மாற்ற வேண்டியவை, மாற்றியவை

ஆறாம் பருவத்தில் இந்த வேலையைத் தொடங்கியது மிகவும் தாமதம். பதினொரு பேருடைய நோட்டுகள் அதற்குள் எடைக்குப் போய்விட்டன. 2024 ஜூலை முதல், முதலாண்டு மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் துறையில் ஒரு கோப்பு வைத்திருக்கிறோம். பருவத்துக்கு ஒரு தாள் அதில் சேர வேண்டும். மதிப்பெண் அதிகம் வாங்கிய தாளாக இருக்க வேண்டியதில்லை. தானாக எதையாவது செய்த தாளாக இருந்தால் போதும். வீட்டிலோ தெருவிலோ செய்ததும் சேரலாம், தனிப்பட்ட விவரங்களை அடித்துவிட்டு.

ஒரு மாணவிக்கு நான்கு மதியங்கள் என்றால் ஒரு வகுப்புக்கே ஆண்டு போதாது. அதனால் இருவர் இருவராக உட்கார்ந்து, அந்த மூன்று கேள்விகளை ஒருவரை ஒருவர் கேட்கும்படி வைத்துப் பார்த்தோம். பாதி பலன்தான். கேள்விகளை நன்றாகக் கேட்கிறார்கள். தோழி "ஒன்றும் இல்லை" என்றதும் விட்டுவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் விட்டேன்; அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வகுப்புக்கு வந்திருந்தால் அந்தக் கடிதம் வெளியே வந்தே இருக்காது. இதற்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

சொந்த வாக்கியம் இல்லாத பதினொரு தாள்களைத் துறைக் கூட்டத்தில் வைத்தேன். அவற்றில் மூன்று நான் நடத்தியவை. பல்கலைக்கழக வினாத்தாளை எங்களால் மாற்ற முடியாது. அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண் எங்கள் கையில் இருக்கிறது. அதில் ஒப்படைப்புக்கான பகுதிக்கு, "கைடில் உள்ள ஒரு வாக்கியத்தை எடு, மூலத்தில் அது எந்த வரியில் நிற்கிறது என்று காட்டு" என்ற ஒரே வேலையை இரண்டு தாள்களில் கொடுத்துப் பார்க்கிறோம். சிலர் கைடு சொல்வது மூலத்தில் இல்லவே இல்லை என்று கண்டுபிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

கோப்பில் எழுதியதைப் பருவ இறுதியில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் வாயால் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறோம். முதல் பருவத்தில் 43 பேரில் 26 பேர் சொன்னார்கள். மீதிப் பேர் இந்த முறை தமிழில் சொல்லட்டும் என்று விட்டோம்.

இப்போது அந்த அலமாரியில் இருக்கும் கோப்புகளில் ஒன்றில், ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த ஆங்கில அறிவிப்பைத் தன் பாட்டிக்காகத் தமிழாக்கிய அரைப்பக்கம் இருக்கிறது. புரியாத ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, "இதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறாள் அந்த முதலாண்டு மாணவி.